உப்பு எங்கே போகும்? காவிரிக்கரைச் சாயப்பட்டறைக்கு முன்னால் உள்ள வழிகள்

என் தாய்மாமாவுக்குப் பள்ளிபாளையத்தில் நூல் சாயப்பட்டறை. லுங்கிக்கும் துண்டுக்கும் போகிற, வளையம் வளையமாகச் சுற்றிக் கட்டிய சிட்ட நூலுக்குக் கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுப்பார். போன தை மாதம் பட்டறைத் திண்ணையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தேன். ஒன்றில் கடைசி சோப்பு அலசலில் வந்த தண்ணீர், வெளிர் சிவப்பு. இன்னொன்றில், அன்றைய அலசல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, சுண்ணாம்பும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) போட்டுத் தெளியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டு எடுத்த தண்ணீர். பார்வைக்குக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"எதை மாப்ள ஆத்துல விடலாம்?" என்று கேட்டுக்கொண்டே மாமா தெளிந்த டம்ளரைக் கையில் எடுத்தார். டி.டி.எஸ். மீட்டரை முக்கினேன். சிவப்புத் தண்ணீரில் 1,140. தெளிந்த தண்ணீரில் 6,300.

கரைந்த உப்புகள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிற எண் அது. குடிநீருக்கான இந்தியத் தரம் 500-க்குள் இருக்கச் சொல்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விட 2,100தான் வரம்பு. மாமாவின் தெளிந்த தண்ணீர் அதைப்போல மூன்று மடங்கு. அந்தத் தண்ணீர் இன்றுவரை பட்டறைக்குப் பின்னால் உள்ள ஓடையில் இறங்கி, அரைக் கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் கலக்கிறது. இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

நான் பிறந்தது ஆற்றின் மறு ஓரத்தில். அப்பாவின் பூமி நொய்யலில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. சாயத்தண்ணீரால் மஞ்சளும் வாழையும் போய், கடைசியில் தென்னையும் போன பூமி. அதனால்தான் மாமா இந்த வருஷம் எடுக்க வேண்டிய முடிவு எனக்கு வெறும் தொழில் கணக்காகப் படவில்லை. அவர் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. அவரிடம் திண்ணையில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து, இதே முடிவில் நிற்கிற குமாரபாளையம், பவானி, ஈரோட்டுப் பட்டறைக்காரர்களுக்காகவும், அவர்களுக்குக் கீழே தண்ணீர் எடுக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாயத்தண்ணீர் என்றால் எல்லோரும் நிறத்தைத்தான் நினைக்கிறோம். ஆறு சிவப்பாக ஓடினால் போட்டோ எடுக்கிறோம், அதிகாரியைக் கூப்பிடுகிறோம். நிறத்தை எடுப்பது ஒப்பீட்டில் சுலபம். உப்புதான் எடுபடாதது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதிப்பிணைப்பாக ஒட்டுகிற சாயம்) பிடிக்க வேண்டுமென்றால் உப்பு வேண்டும். தண்ணீரில் நனைந்த பருத்திக்கும் எதிர்மின் தன்மை, சாயத்துக்கும் எதிர்மின் தன்மை; ஒன்றை ஒன்று தள்ளும். உப்பு நடுவில் புகுந்து அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தை நூலின் பக்கம் நகர்த்துகிறது. வேலை முடிந்ததும் உப்பு நூலில் தங்குவதில்லை. காலையில் எத்தனை மூட்டை பிரித்தோமோ அத்தனையும் மாலைக்குள் அலசல் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சாயத்திலும் பிடிக்காமல் போகிற பங்கு கணிசமானது, ஆனால் அதைக் கசடாக இறக்கலாம், நுண்ணுயிரிகளைக் கொண்டு சிதைக்கலாம். உப்பு இறங்கவும் இறங்காது, சிதையவும் சிதையாது.

மாமாவின் கணக்கு இது. ஒரு நாளைக்குச் சராசரி 300 கிலோ நூல். சிட்டத்தைத் தொட்டியில் போட்டால் ஒரு கிலோ நூலுக்குப் பதினைந்து லிட்டர் சாயக்குளியல். லிட்டருக்குச் சராசரி 40 கிராம் உப்பு. கரும்பச்சை, மெரூன் வந்தால் இன்னும் ஏறும். பெருக்கினால் நாளைக்கு 180 கிலோ. ஆறு நாளுக்கு ஐம்பது கிலோ மூட்டையில் இருபத்திரண்டு. வருஷத்துக்கு ஐம்பது டன்னுக்கு மேல். இது ஒரே ஒரு சின்னப் பட்டறை.

இந்த உப்பு மண்ணுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உப்பில் உள்ள சோடியம் களிமண்ணில் இருக்கிற கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை விட்டுவிடும். மழை பெய்ததும் மேல்மண் சேறாகி, காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகும். அப்பா வரப்பில் நின்று குச்சியால் குத்திக் காட்டுவார். இரண்டு விரற்கடைக்குக் கீழே குச்சி இறங்காது. அந்த ஓட்டுக்கு மேலே தண்ணீர் நிற்கும், கீழே வேர் காயும். ஜிப்சம் போட்டுச் சோடியத்தைப் பெயர்க்கலாம் என்றார்கள். பெயர்த்த சோடியத்தைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டுமே; கிணற்றில் இருந்ததும் அதே உப்புத்தண்ணீர்தான். தென்னங்கீற்று நுனியிலிருந்து கருகி வந்ததை மூன்று வருஷம் பார்த்துக்கொண்டிருந்தோம். எருமை அந்தத் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

முதல் வழி: தெளியவைத்து ஆற்றில் விடுவது

பெரும்பாலோர் செய்துவந்ததும், இரவில் திருட்டுத்தனமாக இன்றும் நடப்பதும் இதுதான். இதன் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வது: "நொய்யல் ஓடை மாதிரி. காவிரில தண்ணி போய்க்கிட்டேதான இருக்கு, கரைஞ்சு போயிரும்."

போய்க்கொண்டே இருக்கிறதா? மேட்டூரை வழக்கமாகப் பாசனத்துக்குத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. மிச்ச மாதங்களில் குடிநீருக்கென்று விடுகிற சின்ன அளவுதான் வரும். அதுவும் தடையில்லாமல் வருவதில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை, வெண்டிப்பாளையம் என்று வரிசையாகக் கதவணைகள். கோடையில் இந்தப் பகுதிக் காவிரியை ஒன்றின் பின் ஒன்றாக நிற்கிற குளங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சித்திரையில் பள்ளிபாளையம் பாலத்தில் நின்று பாருங்கள், ஆகாயத்தாமரை அசையாமல் கிடக்கும். அந்தக் குளங்களிலிருந்துதான் ஊர்களுக்குக் குடிநீர் உறிஞ்சுகிறோம்.

நொய்யல் இந்த முதல் வழியை எங்கள் செலவில் முழுதாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேர்கிற ஆறு அது. 1990-களின் கடைசியில் திருப்பூரில் எட்டுப் பொது சுத்திகரிப்பு நிலையங்களும் நூற்றுக்கணக்கான தனி நிலையங்களும் இருந்தன. அதனால், சுத்திகரிக்காமல் விட்டதால் வந்த வினை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. அந்த நிலையங்கள் நிறத்தையும் அழுக்கையும் குறைத்தன, உப்பை அப்படியே விட்டன. 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை வெள்ளத்தைத் தேக்கிப் பாசனம் தரும் என்று நம்பினோம். அது சாயத்தண்ணீரைத் தேக்கியது. தேங்கியது கசிந்து சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் இறங்கியது.

பிறகு நடந்தது நீதிமன்ற வரலாறு. தோல் தொழிலால் பாலாறு கெட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அதையொட்டி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் நொய்யல் கரையில் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள்: ஒரு விவசாயிக்குச் சராசரி ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் (ஆற்றுப் பாசன விவசாயிகள்) போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வந்தாக வேண்டும் என்று கெடு வைத்தது. அதுவரை விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் அவகாசம் கொடுத்து அதை உறுதிசெய்தது. அதற்கும் அடங்காததால் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஊரே நின்றது.

முதல் வழியின் உண்மையான விலை இதுதான்: எங்கள் பூமியும், ஒரே நாளில் நின்றுபோன அவர்கள் தொழிலும். மலிவாகத் தெரிவது, பில் வேறொருவர் வீட்டுக்குப் போவதால்.

பட்டறைக்காரர்கள் திருப்பிக் கேட்கிற ஒரு கேள்வியில் நியாயம் உண்டு. "ஊர்ச் சாக்கடை மொத்தமும் ஆத்துலதான் விழுகுது, அதை ஏன் கேக்க மாட்டேங்கறீங்க?" கேட்கத்தான் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது, உண்மையில் சுத்தமாவது 2,023 கோடி லிட்டர். இது வெட்கக்கேடு. ஆனால் சாக்கடையின் அழுக்கைக் காற்றும் நுண்ணுயிரும் காலப்போக்கில் தின்றுவிடும். உப்பைத் தின்ன எதுவும் பிறக்கவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

கடலுக்குக் குழாய்

இந்த வழியை நான் எடுத்ததுமே தள்ளிவிடவில்லை. வேதியியல்படி பார்த்தால் இதில் அர்த்தம் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு. மாமாவின் தண்ணீரில் 6,300. கடலுக்கு அந்த உப்பு ஒரு பொருட்டே இல்லை. ஜவுளித் தொழிலுக்காக 2016 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளும் அனுமதி பெற்றுக் கடலில் விடுவதற்கு 2,100 என்ற வரம்பைத் தளர்த்துகின்றன. குஜராத்தில் வதோதரா ஆலைகளின் கழிவுநீரை மாஹி ஆற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுபோகிற 55 கிலோமீட்டர் கால்வாய் 1983 முதல் ஓடுகிறது.

ஆனால் வதோதராவுக்குக் கடல் 55 கிலோமீட்டர். பள்ளிபாளையத்துக்கு இருநூறுக்கு மேல். அந்தக் குழாய் நாமக்கல், திருச்சி, பெரம்பலூர் என்று யார் யார் பூமிக்கு அடியில் போகும், எங்கே வெடிக்கும், எவன் பொத்தல் போட்டு வேறு கழிவைச் சொருகுவான்? வதோதராக் கால்வாயிலேயே வழியோர விவசாயிகள் தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்தக் கழிவுநீரை வயலுக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். போர்பந்தர் கடலுக்கு ஜேத்பூர் சாயத்தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்தை அங்குள்ள மீனவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். உப்பு கடலுக்குப் பழக்கம், சாயமும் உலோகமும் பழக்கமில்லை என்ற அவர்கள் பயம் சரியானது.

எனக்கு இதில் முக்கியமான மறுப்பு வேறு. உப்பைத் தூக்கி எறிவதற்காகத் தண்ணீரையும் சேர்த்து எறிகிறோம். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகை வருகிற சீமையில் வாழ்கிறோம். நூறு லிட்டரில் அறுநூற்றுச் சொச்சம் கிராம் உப்புக்காக நூறு லிட்டரையும் கடலுக்கு அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை.

தனி நிலையம், அவரவர் பட்டறையில்

இதன் சூத்திரம் எளியது. தெளிந்த தண்ணீரை, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தினால் நூற்றில் எண்பத்தைந்து பங்கு நல்ல தண்ணீராகத் திரும்பும். மறுபடி அதிலேயே சாயம் போடலாம். மீதிப் பதினைந்து பங்கில் உப்பு முழுவதும் செறிந்து நிற்கும். அந்த ரிஜெக்ட் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் உப்பு கையில் வரும். வெளியே போவது எதுவும் இல்லை.

செலவு எங்கே இருக்கிறது என்று விறகில் சொன்னால் புரியும். ஒரு கிலோ விறகுக்குப் பாய்லரில் ஏறக்குறைய நாலு கிலோ நீராவி கிடைக்கும். ஆயிரம் லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. இல்லாமல் அப்படியே ஒரே அடுக்கில் கொதிக்கவைத்தால் கால் டன் விறகு எரியும். ஆர்.ஓ. போட்டு 150 லிட்டராகச் சுருக்கி, ஒரு பாத்திரத்தின் ஆவியாலேயே அடுத்த பாத்திரத்தைச் சூடாக்குகிற பல அடுக்கு ஆவியாக்கியில் விட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோவில் முடியும். மாமாவுக்கு ஒரு நாளைக்கு முப்பதாயிரம் லிட்டர் கழிவுநீர். ஆக எல்லாம் ஒழுங்காக ஓடினால் தினம் 330 கிலோ விறகு, அதற்கு மேல் மின்சாரம், சவ்வு, ஆள்.

எல்லாம் ஒழுங்காக ஓடினால் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாயத்தின் பிசிறும் தண்ணீரின் கடினத்தன்மையும் சவ்வை அடைக்கும். அடைத்தால் 85 என்பது 60 ஆகும். ஆவியாக்கிக்குப் போகிற அளவு பதினைந்திலிருந்து நாற்பதாகும். விறகு இரண்டரை மடங்காகும். ஆவியாக்கிக் குழாய்களில் உப்பு பாறையாகப் படியும். பெரிய ஆலையில் இதற்கென்று இன்ஜினியர் இருப்பார். பதினாலு பேர் வேலை செய்கிற பட்டறையில் இதைப் பார்க்கப்போவது எலெக்ட்ரீஷியனும் வாட்ச்மேனும். ராத்திரி இரண்டு மணிக்கு ரிஜெக்ட் தொட்டி நிரம்பி வழியும்போது பக்கத்தில் ஒரு வால்வு இருக்கும். அதைத் திறக்காமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? சில இடங்களில் வறண்டுபோன போர்க்குழியில் அதை இறக்கியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆற்றில் விட்டால் வெள்ளமாவது வந்து கழுவும்; நிலத்தடிக்குள் இறக்கிய செறிந்த உப்பை யார் எடுப்பது? நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் ஓட்டுகிற மில்லுக்குத் தனி நிலையம் சரி. மாமாவுக்கு வேண்டாம் என்றேன்.

பொது நிலையம்

2011 மூடலுக்குப் பிறகு திருப்பூர் தேடி அடைந்த வழி இது. மாநில அரசு 18 பொது நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் ஒதுக்கியது. அருள்புரத்து நிலையத்தில் உப்புநீரையே சுத்தப்படுத்தி மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்துகிற முறையைச் சோதித்தார்கள், அது பிடித்துக்கொண்டது. அதன் அழகு இதில் இருக்கிறது: உப்பை வறட்டி எடுப்பதற்குப் பதில், உப்புக் கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் ஆவியாக்கியின் சுமை குறைகிறது, பட்டறைக்கு உப்பு வாங்கும் செலவும் குறைகிறது.

ஆனால் இதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது, கூட்டங்களில் யாரும் அதை உரக்கச் சொல்வதில்லை. உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே உப்பைப் பயன்படுத்த வேண்டும். சாயத்துக்கு இரண்டு உப்பு போடலாம், சமையல் உப்பின் இனமான சோடியம் குளோரைடு அல்லது கிளாபர் உப்பான சோடியம் சல்பேட். சல்பேட்டுக்கு ஒரு நல்ல குணம்: கரைசலைக் குளிரவைத்தாலே அது படிகமாகி விழும். பொறுக்கி எடுத்து மறுபடி விற்கலாம். குளோரைடு அப்படி விழாது, போதாததற்கு ஆவியாக்கியின் எஃகையும் அரிக்கும். பத்துப் பட்டறை சல்பேட் போட்டு, ஐந்து பட்டறை விலை குறைவென்று குளோரைடு போட்டால் கடைசியில் கிடைப்பது இரண்டும் கலந்த, யாருக்கும் வேண்டாத உப்பு. அது மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் ஏறும். அதோடு கசடும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று தோல் தொழிலின் பொது நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துக் கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆறு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்து வைப்பதைப் பத்திரமாகச் சேர்க்காவிட்டால் அதுவும் கொல்லும்.

இன்னொரு சிக்கல், பணம். நிலையத்தின் நிலைச்செலவு ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். சீசன் இல்லாத மாசத்தில் பாதிப் பட்டறை ஓடாது, அப்போது ஓடுகிறவன் தலையில் விழும். அவன் கட்ட முடியாமல் விலகுவான். சேருவதற்கு முன்பே, ஓட்டாத மாதத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளாத குழுவில் சேர வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். அவருக்கு இது பிடிக்கவில்லை. "ஓடாத பட்டறைக்கு எதுக்கு மாப்ள காசு?" என்றார். பஸ்ஸில் பாதி சீட் காலி என்றாலும் டீசல் முழுசாகத்தானே எரியும் என்றேன்.

தொட்டியிலேயே குறைப்பது

மற்ற நாலும், போட்ட உப்பை என்ன செய்வது என்று கேட்கின்றன. இது, போடாமல் இருக்க முடியுமா என்று கேட்கிறது. என் மனசு முழுக்க இந்தப் பக்கம்தான் சாய்கிறது, அதனால் இதன் குறைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

உப்பே இல்லாமல் சாயம் போடுகிற கோல்டு பேட் பேட்ச் முறை இருக்கிறது. துணியைச் சாயக் கரைசலில் தோய்த்துப் பிழிந்து, உருளையில் சுற்றி, மணிக்கணக்கில் மெல்லச் சுழலவிடுவார்கள்; குளியல் இல்லாததால் உப்பும் தேவையில்லை. அருமையான முறை, ஆனால் அது விரித்த துணிக்கு. லுங்கிக் கட்டம் வர வேண்டுமென்றால் நூலுக்கே சாயம் போட வேண்டும், சிட்டத்துக்கு அது ஆகாது. உப்பு குறைவாகக் கேட்கிற இரட்டைப் பிடிப்புச் சாயங்கள் உண்டு, விலை அதிகம். எல்லா ஷேடும் அதில் வராது.

மாமாவுக்குப் பொருந்துவது இன்னும் சாதாரணமான ஒன்று: சிட்டத்தை விட்டுக் கோனுக்கு மாறுவது. நூலைத் துளையிட்ட கோனில் சுற்றி, மூடிய மிஷினுக்குள் அடுக்கி, சாயத்தை உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே என்று பம்ப் செய்கிற முறை. சாயம் நூலைத் தேடி வருவதால் குளியல் தண்ணீர் குறைவு: கிலோவுக்குப் பதினைந்து லிட்டருக்குப் பதிலாக எட்டு லிட்டர். உப்பை நூல் எடைக்குப் போடுவதில்லை, குளியலின் லிட்டருக்குப் போடுகிறோம். எனவே தண்ணீர் குறைந்தால் உப்பும் தானாகக் குறையும். நூறு கிலோ நூலுக்கு 60 கிலோ உப்பு போட்ட இடத்தில் 32 கிலோ போதும். கிட்டத்தட்டப் பாதி. ஓடைக்குப் போயிருக்க வேண்டிய ஐம்பத்துச் சொச்சம் டன்னில் இருபத்தைந்து டன் லாரியை விட்டே இறங்குவதில்லை.

குறை என்ன? மிஷின் விலை. சிட்டமாக வருகிற நூலைக் கோனாகச் சுற்ற வேண்டும். சுற்றுவதில் இறுக்கம் மாறினால் உள்ளடுக்கில் நிறம் வெளிறும். தொட்டியில் கைப்பக்குவமாக ஷேடு பார்த்துப் பழகிய முருகேசண்ணனுக்கு அறுபதை நெருங்குகிற வயது; மூடிய மிஷினுக்கு முன்னால் அவர் கை கட்டிப்போட்ட மாதிரி நிற்கிறார். அவர் கையில் இருக்கிற அறிவு வீணாகிவிடக் கூடாது என்பதும் எனக்கு இந்தக் கணக்கில் ஒரு வரிதான். இன்னொன்று, இந்த வழி தனியாக நின்றால் போதாது. பாதி உப்பும் உப்புதான். குளியலோடு சேர்ந்து அலசல் தண்ணீரும் குறைந்தால் மீட்டரில் காட்டுகிற எண் மாறாமல்கூட நிற்கலாம்.

ஆக மாமாவிடம் சொன்னது இது. முதலில் கோன். அதன் பிறகு, ஒரே உப்பு என்ற நிபந்தனையோடும் உப்புநீரைத் திருப்பித் தருகிற ஏற்பாட்டோடும் வருகிற பொது நிலையத்தில் பங்கு. உப்பைக் குறைத்துவிட்டுச் சேர்ந்தால் பங்குத்தொகையும் மாதக் கட்டணமும் தாங்குகிற அளவில் நிற்கும். குறைக்காமல் சேர்ந்தால் நிலையமும் திணறும், அவரும் திணறுவார். இங்கே பொது நிலையம் வரும் என்ற பேச்சைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது வராமலே போனால்? மாமா கேட்டார். அப்படியென்றால் சாயத்தை விட்டுவிட்டு, ஒரு சொட்டும் வெளியே விடாத மில்லில் சாயம் போட்ட கோனை வாங்கி, வைண்டிங்கும் தறியும் மட்டும் ஓட்டுங்கள் என்றேன். சொல்லும்போது என் குரலே எனக்குக் கேட்கவில்லை. நாற்பது வருஷத் தொழில். அவர் சம்பாத்தியத்தில்தான் எங்கள் பூமி கருகிய வருஷங்களில் நான் படித்தேன்.

மாமாவின் பெரிய கோபம் வழிகளைப் பற்றியது கிடையாது. "நான் இத்தனையும் பண்ணி கிலோவுக்குக் கூலியை ஏத்துனா, ராத்திரில தொறந்து விடறவங்கிட்ட யாவாரி போயிருவான்." இதற்குப் பதில் அரசாங்கத்திடம் இருக்கிறது. சட்டத்தில் பஞ்சம் இல்லை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலிருந்து இருக்கிறது. அதன் 33ஏ பிரிவில் பட்டறையை மூடவும் மின்சாரத்தை வெட்டவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. முக்கியமான ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சாயப்பட்டறை போன்ற தொழில்கள் புதிதாக வரக் கூடாது என்று 1989-இல் தமிழக அரசு ஆணை போட்டது, 1998-இல் அதை ஐந்து கிலோமீட்டராக்கியது. அனுமதியில்லாத பட்டறைகளை அவ்வப்போது பொக்லைன் கொண்டுவந்து இடிக்கிறார்கள். திருப்பூர் மூடியபோது அக்கம்பக்கத்து மாவட்டங்களில் புதுசு புதுசாகத் திருட்டுப் பட்டறைகள் முளைத்ததையும் பார்த்தோம். குழாயின் நுனியில் நின்று காவல் காத்தால் இப்படித்தான் ஆகும். ராத்திரியில் குழாய் தெரியாது.

உப்பு தெரியும். அது லாரியில் வருகிறது, பில்லோடு வருகிறது, டன் கணக்கில் வருகிறது. சாயப்பட்டறைகள் நெருங்கி இருக்கிற ஊர்களுக்கு மாதம் எத்தனை டன் உப்பும் கிளாபர் உப்பும் இறங்குகிறது என்று வியாபாரிகளிடமிருந்தே கணக்கு வாங்கலாம். பட்டறை வாங்கிய உப்பிலிருந்து, நிலையம் திருப்பிக் கொடுத்ததையும் கொட்டகையில் மூட்டையாக நிற்பதையும் கழித்தால் மிஞ்சுவது ஆற்றில் இருக்கிறது. மாதிரி எடுக்க நடுராத்திரியில் ஓடைக்குள் இறங்க வேண்டியதில்லை, ஒரு கணக்குப் புத்தகம் போதும். அனுமதி பெற்ற பட்டறைக்கு உப்புக் கணக்கைக் கட்டாயமாக்கினால் நேர்மையாக நடத்துகிறவனுக்கு அதுவே சாட்சி. அனுமதியில்லாதவனுக்கு உப்பு விற்றவனையும் பிடிக்கலாம்.

வாரியம் எப்போது கேட்கும் என்று காத்திருக்காமல் மாமா தன் பட்டறைக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். நூல் எத்தனை கிலோ, குளியல் எத்தனை லிட்டர், உப்பு எத்தனை மூட்டை. முதல் வாரம் இருபத்திரண்டு, அடுத்த வாரம் இருபத்துமூன்று. மூன்றாம் வாரம் ஈரோட்டில் ஒரு கோன் மிஷினை வாடகைக்குப் பிடித்து மூன்று ஷேடு போட்டுப் பார்த்தார்கள், முருகேசண்ணனும் கூடப் போனார். நோட்டில் பத்தொன்பது என்று இருக்கிறது. நீலமும் பச்சையும் பழைய சாம்பிளோடு ஒத்துப்போயின. மெரூன் மட்டும் உள்ளடுக்கில் வெளிறி வந்தது. சுற்றின இறுக்கம் அதிகம் என்கிறார் முருகேசண்ணன். வியாழக்கிழமை கொஞ்சம் தளர்த்திச் சுற்றி மறுபடி போடுகிறார்கள்.